புளோக்குக்குப் பின்னால் ஒரு விளையாட்டிடம்: எந்தப் பணத்தில், யாருடைய கண்காணிப்பில்?

நிறம் மங்கிய சறுக்குமரம். ஒரு பக்கச் சங்கிலி அறுந்து, மேல் கம்பியில் சுற்றிக் கட்டப்பட்ட ஊஞ்சல். மழை பெய்தால் இரண்டு நாளைக்குச் சதசதவென்று கிடக்கும் புல்தரை. இந்தப் படம் வாட்ஸ்அப் குழுவில் விழுந்ததும் வரும் பதில்கள் சிங்கப்பூரின் எல்லாப் பேட்டையிலும் ஒன்றுதான்: "எம்.பி.யைப் பாருங்க", "என்பார்க்ஸ்ல சொல்லுங்க", "நாமளே காசு போட்டு ஏதாவது செய்யலாமே". மூன்றிலும் தவறில்லை. ஆனால் மூன்றும் வெவ்வேறு கல்லாப்பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆள் கணக்குக் கேட்பார்.

கட்டுவதற்குப் பணம் யார் தருவார் என்று பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். நான்காம் ஆண்டில் ரப்பர் தரை பிளந்தால் வந்து ஒட்டவேண்டிய பொறுப்பு யாருக்கு, அந்தச் செலவை எந்தக் கணக்கில் நாம் படிக்கமுடியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது மேல். இந்தக் கட்டுரையின் பக்கச்சார்பு அதுதான். வசிப்போர் குழுவில் இருப்பவர்கள், புதிதாக ஆர்என்னில் (வசிப்போர் கட்டமைப்பு) சேர்ந்தவர்கள், அல்லது குழு எதிலும் இல்லாமல் தினமும் அந்த ஊஞ்சலைக் கடந்துபோகிறவர்கள், எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதலில் நிலம் யாருடையது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதிய மனுக்கள்தான் மாதக்கணக்கில் சுற்றுகின்றன. 2014 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்ன மீன் உருண்டைக் குச்சிக் கதை பலருக்கும் நினைவிருக்கும். புக்கிட் கோம்பாக்கில் கீழே கிடந்த ஒரு குச்சியை யார் பொறுக்குவது என்பதே கேள்வி. அடுத்தடுத்து இருந்த சரிவு, கால்வாய், நடைபாதை மூன்றும் வெவ்வேறு அமைப்புகளின் எல்லை. அந்த ஆண்டே நகராட்சி சேவை அலுவலகம் தொடங்கப்பட்டது. அதன் ஒன்சர்வீஸ் செயலி 2015 ஜனவரியில் வந்தது. புகாரை உரியவரிடம் சேர்க்கும் வேலையை அது செய்கிறது. ஆனால் புதிதாக ஒன்றைக் கேட்கும் மனு புகார் அல்ல. அங்கே எல்லைக்கோடு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கு நடுவில் இருக்கும் விளையாட்டிடம், உடற்பயிற்சி மூலை, புல்தரை, கீழ்த்தளம் ஆகியவற்றை நகர மன்றம் பராமரிக்கிறது. பலமாடிக் கார்நிறுத்தமும் அதன் மொட்டைமாடியும் வீவகவின் கையில். பெயர்ப்பலகையோடு இருக்கும் அக்கம்பக்கப் பூங்கா, பூங்கா இணைப்புப் பாதை, சாலையோர மரங்கள் ஆகியவை தேசிய பூங்காக் கழகத்துடையவை, அதாவது என்பார்க்ஸ். பெரிய கால்வாய் பொதுப் பயனீட்டுக் கழகத்துடையது. வேலி போட்ட காலி நிலம் பெரும்பாலும் சிங்கப்பூர் நில ஆணையத்துடையது. சந்தேகம் என்றால் அருகிலுள்ள குப்பைத்தொட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பாருங்கள். பாதிப் பதில் அங்கேயே கிடைக்கும். மீதிக்கு ஒன்மேப் தளத்தில் நில விவரம் தேடும் வசதி இருக்கிறது.

இன்னொரு தேடலையும் தவிர்க்கவேண்டாம்: நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டத்தில், அதாவது நிலப் பயன்பாட்டு வரைபடத்தில், அந்த இடம் என்ன நிறத்தில் இருக்கிறது? இன்று திடலாக இருப்பது வேறு, திடலாகவே இருக்கும் என்பது வேறு. லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஃபேரர் பார்க் திடல் தலைமுறைகளாகப் பந்து விளையாடிய இடம். பெருந்திட்டத்தில் அது 1998 முதலே குடியிருப்புக்கென்று குறிக்கப்பட்டிருந்தது. அங்கே ஏறத்தாழ 1,600 வீவக வீடுகள் கட்டும் திட்டத்தை 2022இல் அறிவித்தபோது பலர் அதிர்ந்தார்கள். 1957இல் திறந்த நீச்சல் வளாகத்தின் கட்டடத்தையும் குத்துச்சண்டைக் கூடத்தையும் தக்கவைத்து, புதிய விளையாட்டு வசதிகளோடு பேட்டையை வடிவமைப்பது என்ற அளவில்தான் பேச்சு நகர்ந்தது. குடியிருப்பு நிறத்தில் இருக்கும் நிலத்தில் நிரந்தர விளையாட்டிடம் கேட்பது தண்ணீரில் கோலம் போடுவதுதான். அங்கே தற்காலிகப் பயன்பாடு கேட்டால் மட்டும் பதில் வரலாம்.

இனி வழிகள்.

நகர மன்றத்தின் வழக்கமான வேலை

அங் மோ கியோவில் 1986இல் சோதனையாகத் தொடங்கி, 1988 சட்டத்தின்கீழ் வந்தவை நகர மன்றங்கள். மாதந்தோறும் நாம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணமும் அரசாங்க மானியமும்தான் வருமானம். அதில் குறைந்தது 26 விழுக்காடு சிங்கிங் ஃபண்டுக்கும் 14 விழுக்காடு மின்தூக்கி மாற்று நிதிக்கும் போகவேண்டும். அதாவது ஒரு வெள்ளியில் 40 காசு, சாயம் பூச, கூரை மாற்ற, மின்தூக்கி மாற்ற என்று முன்கூட்டியே எடுத்துவைக்கப்படுகிறது. மீதி 60 காசில்தான் பெருக்குவது, விளக்கு, குப்பை, புல் வெட்டுவது எல்லாம். இதற்குள் புது விளையாட்டிடத்துக்கு எவ்வளவு இடமிருக்கும் என்று கணக்குப் போட்டால் "ஏன் செய்யமாட்டேன் என்கிறார்கள்" என்ற கோபம் கொஞ்சம் தணியும்.

ஆகவே பழுது, பாக மாற்றம், வடிகால் அடைப்பு, விளக்கு, வழுக்கும் தரை ஆகியவற்றுக்கு இந்த வழிதான் வேகமானது. புகாரை எழுதும் விதம் முக்கியம். "விளையாட்டிடம் மோசமாக இருக்கிறது" என்று எழுதினால் ஒருவர் வந்து பெருக்கிவிட்டுப் போவார். "புளோக் எண் இன்னது, பின்பக்க விளையாட்டிடம், இடப்பக்க ஊஞ்சல், மேல் கொக்கி பாதி தேய்ந்திருக்கிறது, படம் இணைப்பு" என்று எழுதினால் ஒப்பந்ததாரருக்கு வேலைச்சீட்டு போகும்.

இதில் அடிக்கடி நேரும் கோளாறு ஒன்று உண்டு. விளையாட்டுக் கருவிகள் பெரும்பாலும் ஒரு தொகுப்பாக வாங்கப்படுபவை. தயாரிப்பாளர் அந்த மாதிரியை நிறுத்திவிட்டால் உதிரிப் பாகம் கிடைக்காது. பாதுகாப்புக் கருதிக் கருவியை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். தரையில் நான்கு வட்டத் தழும்பு மிஞ்சும். அதைப் பார்த்ததும் "பழுதுபார்ப்பு" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அடுத்த வழிக்குப் போகவேண்டிய நேரம் அது.

சிஐபிசி: பத்தில் ஒன்பது பங்கு அரசாங்கப் பணம்

சமூக மேம்பாட்டுத் திட்டக் குழு என்பது முழுப் பெயர். எல்லோரும் சொல்வது சிஐபிசி. நிதி தேசிய வளர்ச்சி அமைச்சுடையது. திட்டத்தை முன்மொழிவது தொகுதியின் குடிமக்கள் ஆலோசனைக் குழு. கட்டுவதும் பிறகு பராமரிப்பதும் நகர மன்றம். செலவில் 90 விழுக்காடு வரை அரசாங்கம் தரும், மீதி நகர மன்றத்துடையது. 200,000 வெள்ளித் திட்டம் என்றால் நகர மன்றம் 20,000 போட்டால் போதும். விளையாட்டிடம், மூத்தோர் உடற்பயிற்சி மூலை, கூரையிட்ட நடைபாதை, கைப்பிடி, சாய்தளம் எல்லாம் இந்த வழியாக வந்தவையே அதிகம்.

பத்தில் ஒரு பங்குதானே என்று நகர மன்றம் துள்ளிக்குதிக்காது. கட்டிய மறுநாள் முதல் பெருக்குவது, ஒட்டுவது, ஆண்டாண்டுக்குச் சோதிப்பது எல்லாம் முழுக்க அதன் தலையில். அதனால்தான் அதிகாரி, "நல்ல யோசனை, ஆனால் அந்தத் தண்ணீர் விளையாட்டு அம்சம் வேண்டாமே" என்று மெல்ல நழுவுவார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பம்ப், வடிகட்டி, தண்ணீர்ப் பரிசோதனை, வழுக்கல் என்று அது ஓயாத செலவு.

யாரிடம் போவது என்பதில் ஒரு நுணுக்கம். குடிமக்கள் ஆலோசனைக் குழு மக்கள் கழகத்தின்கீழ் வரும் அடித்தள அமைப்பு. அதன் ஆலோசகரை நியமிப்பது மக்கள் கழகம். ஆளுங்கட்சித் தொகுதியில் அவரும் எம்.பி.யும் ஒருவரே. எதிர்க்கட்சித் தொகுதியில் இருவரும் வேறு வேறு ஆள். ஆகவே அங்கே மக்கள் சந்திப்பில் எம்.பி.யிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். முன்மொழிவு ஆலோசனைக் குழுவிடமிருந்து வரவேண்டும், கட்டுமானமும் பராமரிப்பும் எம்.பி. தலைமையிலான நகர மன்றத்தோடு பேசப்படவேண்டும். இந்த ஏற்பாடு சரியா என்ற விவாதம் நாடாளுமன்றத்தில் பலமுறை நடந்திருக்கிறது. ஊஞ்சல் கேட்பவர் அதில் இறங்கவேண்டியதில்லை. இரண்டு இடத்திலும் ஒரே கடிதத்தைக் கொடுத்தால் போதும்.

கடிதத்தோடு ஒரு பக்கக் கணக்கு வையுங்கள். ஒரு வாரநாள், ஒரு ஞாயிறு. காலை 7, மாலை 5.30, இரவு 9. அந்த நேரங்களில் எத்தனை பிள்ளைகள், எத்தனை மூத்தோர், எத்தனை சக்கர நாற்காலி, எத்தனை பேர் பக்கத்துப் பேட்டைக்கு நடந்துபோய் விளையாடுகிறார்கள். ஐம்பது கையெழுத்தைவிட இந்த ஆறு எண்ணிக்கைகளுக்கு மதிப்பு அதிகம். கையெழுத்து விருப்பத்தைத்தான் காட்டும், பயன்பாட்டைக் காட்டாது.

கடிதம் போவதற்கு முன்பே இரண்டாம், மூன்றாம் மாடியில் அந்த இடத்தைப் பார்த்த வீடுகளின் கதவைத் தட்டிவிடுங்கள். எதிர்ப்பு எப்போதும் அங்கிருந்துதான் வரும். கூடைப்பந்து தரையில் அடிபடும் ஓசை, இரவில் கண்ணில் குத்தும் விளக்கு, பெஞ்சில் நடுநிசிப் பேச்சு என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் நிஜமானவை. பெஞ்சைப் பத்து மீட்டர் தள்ளிப் போடுவது, விளக்கின் முகத்தைத் திருப்புவது, முழுக் கூடைப்பந்துத் திடலுக்குப் பதில் கைப்பந்துக் கம்பம் என்று வரைபடக் கட்டத்திலேயே மாற்றலாம். கான்கிரீட் போட்டபின் அதே மாற்றம் பகையாகிவிடும்.

அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டம்: முழுப் பணமும் அரசாங்கத்துடையது, நேரம் மட்டும் உங்களுடையது

2007இல் தொடங்கிய இத்திட்டத்தில் செலவு முழுவதையும் அரசாங்கம் ஏற்கிறது, செயல்படுத்துவது நகர மன்றம். எந்த ஆண்டு வரை கட்டப்பட்ட புளோக்குகளுக்கு என்ற வரம்பை 2018இல் 1995 வரை விரிவாக்கினார்கள். இன்றைய வரம்பை நகர மன்றத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தகுதியுள்ள வீட்டு உரிமையாளர்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் ஆதரித்தால்தான் நடக்கும்.

ஒரு ஊஞ்சலுக்காக இதற்குக் காத்திருக்கவேண்டியதில்லை. இது ஒன்றுக்கு மேற்பட்ட வட்டாரங்களைச் சேர்த்து, தாழ்வாரம் முதல் நடைபாதை வரை ஒரே மூச்சில் மாற்றும் வேலை. ஆண்டுகள் ஆகும். ஆனால் உங்கள் பேட்டை ஏற்கெனவே இதற்குத் தேர்வாகியிருந்தால், அதே இடத்துக்கு சிஐபிசி கேட்பது வீண். புது ரப்பர் தரையை அடுத்த ஆண்டே தோண்டுவார்கள். ஆகவே முதல் கேள்வியாக நகர மன்றத்தில் இதைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவையுங்கள்.

75 விழுக்காடு என்பது எளிதாகத் தோன்றும். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறெங்கோ வசிக்கும் உரிமையாளர்கள், வாக்குத்தாளைப் பார்க்காமலே தூக்கிப்போடும் மூத்தோர் எனக் கணக்கு நழுவும். கீழ்த்தளத்தில் வைக்கும் மாதிரிப் படக் கண்காட்சிக்குத் தமிழ் பேசும் தொண்டூழியர் ஒருவர் நின்றால், "இதுக்கு நாம எவ்வளவு கட்டணும்?" என்று தயங்கி நிற்கும் பாட்டிக்கு "ஒண்ணும் கட்டவேண்டாம்மா" என்று ஒரு வரியில் சொல்லமுடியும். வாக்கு அந்த ஒரு வரியில் மாறுவது உண்டு.

என்பார்க்ஸ் வழி

நிலம் பூங்காக் கழகத்துடையது என்றால் வேறு வழியில்லை, அவர்களிடம்தான் போகவேண்டும். 1990இல் அமைக்கப்பட்ட இந்தச் சட்டபூர்வக் கழகம் 400க்கு மேற்பட்ட பூங்காக்களைப் பார்த்துக்கொள்கிறது. 2030க்குள் எல்லா வீட்டிலிருந்தும் பத்து நிமிட நடையில் ஒரு பூங்கா என்பது நாட்டின் பசுமைத் திட்ட இலக்கு. உங்கள் மனு அந்த இலக்கோடு ஒட்டுமானால் அதைச் சொல்லுங்கள். எந்த புளோக்கிலிருந்து எத்தனை நிமிடம், இடையில் எத்தனை படிக்கட்டு, எந்தச் சாலையைக் கடக்கவேண்டும் என்று எழுதினால் கேட்பார்கள்.

பெரிய மேம்பாடு அவர்களுடைய சொந்தக் கால அட்டவணைப்படிதான் வரும். நாம் தள்ளி நகர்த்தக்கூடிய வண்டி அல்ல அது. ஆனால் தோட்டம் என்றால் கதை வேறு. 2005இல் தொடங்கிய ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தில் இன்று ஈராயிரத்துக்கு மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. வீவக பேட்டையில் தோட்டம் போட வசிப்போர் குழுவின் ஆதரவு, நகர மன்றத்தின் இட ஒப்புதல், என்பார்க்ஸின் வழிகாட்டல் மூன்றும் வேண்டும். தனியாகப் பாத்தி மட்டும் போதும் என்பவருக்கு, பூங்காக்களில் 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் அளவுள்ள மேடைப் பாத்தியை ஆண்டுக்கு 57 வெள்ளிக்கு, ஜிஎஸ்டி தனி, மூன்று ஆண்டுக் குத்தகைக்குத் தருகிறார்கள். ஆள் அதிகமானால் குலுக்கல்.

இரண்டில் எது? கறிவேப்பிலை, கீரை, வெற்றிலைக்கொடி மட்டும் வேண்டுமென்றால் பாத்தி. குழுவோ கூட்டமோ சாவிச் சண்டையோ இல்லை. அக்கம்பக்கத்தாரை ஒன்றுசேர்ப்பதுதான் நோக்கம் என்றால் சமூகத் தோட்டம். ஆனால் அதில் முதல் ஆண்டே எழுதிவைக்கவேண்டியவை சில உண்டு. குழாய்த் தண்ணீருக்கு யார் பணம் கட்டுவது? வேலிக்கதவின் சாவி எத்தனை பேரிடம்? அறுவடை நட்டவருக்கா, பொதுவுக்கா? ஒருவர் ஊருக்கு ஒரு மாதம் போனால் தண்ணீர் ஊற்றுவது யார்? மழைநீர்ப் பீப்பாயைக் கொசு வலையால் மூடாமல் விட்டால் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் ஆய்வில் மாட்டுவது தோட்டக் குழுதான். கழற்றி வைத்த தொட்டித் தட்டும் அப்படியே. முருங்கைமேல் நமக்கு இருக்கும் பாசம் தெரிந்ததே. ஆனால் விடியற்காலை சுமத்ராக் காற்று அடிக்கும் நாளில் முதலில் முறிந்து நடைபாதையில் கிடப்பது அதன் கிளைதான். தலைக்கு மேல் வளரவிடாமல் வெட்டிக்கொண்டே இருக்கும் ஆள் இல்லையென்றால் நடவேண்டாம்.

சிறு மானியம்

சுவரோவியம், பெஞ்சு, கீழ்த்தள விளையாட்டு மூலை போன்றவற்றுக்கு வீவகவும் நகர மறுசீரமைப்பு ஆணையமும் நடத்தும் ‘லைவ்லி பிளேசஸ்’ திட்டத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம். வேகமானது, படிவம் எளிது. பலவீனம் ஒன்றுதான்: பராமரிக்க ஆள் இல்லை. மானியத்தில் வந்த மரப் பெஞ்சு நகர மன்றத்தின் சொத்துப் பட்டியலில் ஏறாவிட்டால், உடைந்த நாளில் அது யாருடைய பெஞ்சும் அல்ல. முன்கூட்டியே எழுத்தில் ஒப்படைப்புக் கேளுங்கள். மறுத்தால், கழற்றி எடுத்துப்போகக்கூடியதை மட்டும் செய்யுங்கள்.

யாருடைய கணக்கை நாம் படிக்கமுடியும்?

நகர மன்றத்தின் ஆண்டுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டு நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. மன்றத்தின் இணையத்தளத்திலும் கிடைக்கும். நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. நூறு பக்கத்தையும் படிக்கவேண்டாம். நகர மேம்பாட்டு, திட்ட நிதி என்ற குறிப்புக்குப் போங்கள். சிஐபிசி, புதுப்பிப்புத் திட்டப் பணம் வந்துபோகும் தடம் அங்கே தெரியும். பிறகு உபரியைப் பாருங்கள். தேர்தலுக்குப்பின் புதிய தவணை தொடங்கும்போது உபரியின் பெரும்பகுதி சிங்கிங் ஃபண்டுக்கு மாற்றப்படவேண்டும் என்பது விதி. அதனால் தவணையின் கடைசி ஆண்டில் கேட்பதும் முதல் ஆண்டில் கேட்பதும் ஒன்றல்ல. புது மன்றத்தின் கையில் சில்லறை குறைவாக இருக்கும்.

தேசிய வளர்ச்சி அமைச்சு வெளியிடும் நகர மன்ற நிர்வாக அறிக்கை துப்புரவு, பராமரிப்பு, மின்தூக்கி, கட்டண பாக்கி, நிர்வாக நெறி ஆகிய ஐந்திலும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போடுகிறது. விளையாட்டிடத்துக்கென்று தனி நிறம் இல்லை. ஆனால் நிர்வாக நெறியில் பச்சை இல்லாத மன்றத்திடம் உங்கள் திட்டம் போகிறதென்றால், டெண்டர் விவரத்தைக் கூடுதல் கவனத்தோடு கேட்கவேண்டும். 2017 திருத்தத்துக்குப்பின் மன்றங்களை ஆய்வு செய்யவும் விசாரிக்கவும் அமைச்சுக்கு அதிகாரம் கூடியிருக்கிறது.

என்பார்க்ஸ் சட்டபூர்வக் கழகம் என்பதால் அதன் டெண்டர்கள் அரசாங்கக் கொள்முதலுக்கான ஜீபிஸ் தளத்தில் வரும். 90,000 வெள்ளிக்கு மேல் போனால் திறந்த டெண்டர்தான் பொதுவிதி. யாருக்கு, எவ்வளவுக்கு என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். தலைமைக் கணக்காய்வாளரின் பார்வையும் உண்டு. ஒரு பூங்காவுக்கு மட்டும் எவ்வளவு செலவானது என்பது ஆண்டறிக்கையில் பிரித்துத் தெரியாது என்பதுதான் குறை. இவ்வகையில் நகர மன்றக் கணக்கு நமக்கு நெருக்கமானது, என்பார்க்ஸ் டெண்டர் நமக்குத் தெளிவானது.

கண்காணிப்பு இருந்தும் தவறு நடந்திருக்கிறது. எங்கே நடந்தது என்று பார்த்தால் எதைக் கேட்கவேண்டும் என்று தெரியும். 2012இல் என்பார்க்ஸ் 26 மடக்கு மிதிவண்டிகளை, ஒன்று 2,200 வெள்ளி என்று 57,200 வெள்ளிக்கு வாங்கியது. விலை கொடுத்தது ஒரே ஒரு நிறுவனம். பொதுமக்கள் கேள்வி கேட்டபின் தணிக்கை நடந்தது. விற்றவரோடு தமக்கிருந்த பழக்கத்தைத் தணிக்கையாளரிடம் மறைத்த அதிகாரிக்கு 2014இல் 5,000 வெள்ளி அபராதம். 2015இல் வெளியான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, ஒரு குடிமக்கள் ஆலோசனைக் குழுவின் தலைவர் தாம் உயர்பொறுப்பில் இருந்த நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுக்கும் முடிவில் பங்கேற்றதைச் சுட்டிக்காட்டியது. 2019இல் அங் மோ கியோ நகர மன்றத்தின் முன்னாள் பொது மேலாளருக்கு, கட்டட ஒப்பந்ததாரர்களிடம் கையூட்டுப் பெற்றதற்காக 27 மாதச் சிறை விதிக்கப்பட்டது. மூன்று வகை அமைப்பு, மூன்று வகைச் சறுக்கல். ஆனால் கேட்கவேண்டிய கேள்விகள் ஒன்றுதான்: எத்தனை பேர் விலை கொடுத்தார்கள்? முடிவெடுத்த அறையில் இருந்தவர்களில் யாருக்காவது விற்பவரோடு தொடர்பு உண்டா, அது எழுத்தில் அறிவிக்கப்பட்டதா? வேலை பாதியில் மாறியபோது கூடுதல் தொகைக்கு ஒப்புதல் கொடுத்தது யார்? வசிப்போர் குழுக் கூட்டக் குறிப்பில் இந்த மூன்று கேள்விகளும் பதில்களும் பதிவானாலே பாதிக் கண்காணிப்பு.

வரைபடத்தில் பார்க்கவேண்டியவை

தீயணைப்பு வண்டி நிற்கும் புல்தரையில் எதையும் நிறுத்தமுடியாது. பல திட்டங்கள் கடைசி நேரத்தில் செத்துப்போவது இதனால்தான். நிலத்தடியில் மின்கம்பி, கழிவுநீர்க் குழாய் எங்கே என்று தெரியாமல் தோண்டக்கூடாது. உரிமம் பெற்ற கம்பி கண்டறிவாளர் வந்து குறித்தபின்தான் மண்வெட்டி. சாய்தளம் 12க்கு 1 சரிவைவிடச் செங்குத்தாக இருக்கக்கூடாது. ஒற்றைப் படியைத் தாண்டித்தான் விளையாட்டிடத்துக்குள் போகமுடியும் என்றால் தாத்தாவின் சக்கர நாற்காலி வெளியிலேயே நிற்கும். நிழல் மரத்தை வெட்டும் யோசனை வேண்டவே வேண்டாம். மரப் பாதுகாப்புப் பகுதியிலும் காலி நிலத்திலும் 1 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்துக்கு என்பார்க்ஸ் அனுமதி தேவை என்பது ஒருபுறம். மரமில்லாத விளையாட்டிடத்தில் பிற்பகல் மூன்று மணிக்குச் சறுக்குமரத்தைத் தொடமுடியாது என்பது மறுபுறம்.

கருவிக்கு எஸ்எஸ் 457, விழும் அதிர்ச்சியைத் தாங்கும் தரைக்கு எஸ்எஸ் 495 என்ற சிங்கப்பூர்த் தரங்கள் டெண்டரில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ரப்பர் தரை இரண்டு அடுக்கு. அடியில் கறுப்பு ரப்பர்த் துகள், மேலே 10 முதல் 15 மில்லிமீட்டர் இபிடிஎம் என்ற வண்ணச் செயற்கை ரப்பர். மொத்தத் தடிமன் எவ்வளவு என்பதைக் கருவியின் உயரம்தான் தீர்மானிக்கிறது. உயரமான ஏணியைச் சேர்த்துவிட்டு, செலவுக்காகத் தரையை மெலிதாக்கினால் விழும் பிள்ளைக்கு அது வெறும் கான்கிரீட்தான்.

ஒப்படைப்பு நாளில் வசிப்போர் சார்பில் இருவராவது போகவேண்டும். ஒரு வாளித் தண்ணீரை நடுவில் ஊற்றிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் வடியாமல் தேங்கினால் கீழ்த்தளச் சரிவு தவறு. கட்டைவிரலால் விளிம்பைத் தேயுங்கள். துகள் உதிர்ந்தால் பசை குறைவு, அல்லது காயும்போது மழை பட்டிருக்கிறது. மழையில் போட்ட தரையில் கொப்புளம் போல் சிறு மேடுகள் தெரியும். ஓரத்தில் கான்கிரீட்டுக்கும் ரப்பருக்கும் நடுவே ஐம்பது காசு நாணயம் நிற்குமளவு இடைவெளி இருந்தால் அதைப் படமெடுத்து, குறைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். வெயிலில் அது வளரத்தான் செய்யும். பிறகு ஊஞ்சல் சங்கிலியின் கொக்கி, போல்ட் மூடிகள், கூர் விளிம்புகள்.

எதை எடுப்பது

ஒரு கருவிதான் கெட்டிருக்கிறது என்றால் நகர மன்றம், ஒன்சர்வீஸ், முடிந்தது. விளையாட்டிடமே பழசாகிவிட்டது, பேட்டை புதுப்பிப்புத் திட்டத்தின் ஆண்டு வரம்புக்குப் பிந்தியது அல்லது அத்திட்டம் ஏற்கெனவே நடந்துவிட்டது என்றால் சிஐபிசி. அந்த வரம்புக்கு உட்பட்ட பேட்டை, இன்னும் புதுப்பிப்பு நடக்கவில்லை என்றால் மன்றத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். அருகில் வருகிறது என்றால் காத்திருங்கள், தெளிவில்லை என்றால் சிஐபிசியில் சிறியதாகக் கேளுங்கள். பந்து விளையாட இடம் மட்டும்தான் தேவை என்றால் கட்டுவதற்கு முன் பக்கத்துப் பள்ளித் திடல் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்திருக்கிறதா என்று விளையாட்டு வசதிகளைப் பதிவுசெய்யும் ஆக்டிவ்எஸ்ஜியில் பாருங்கள். செலவே இல்லாத வழி அதுதான். தோட்டத்துக்கு என்பார்க்ஸ். சிறு மானியத்தை, மற்ற வழிகளில் பெரியதைக் கேட்பதற்குமுன் யோசனையை மூன்று மாதம் சோதித்துப் பார்க்கும் கருவியாக வைத்துக்கொள்ளலாம். சுண்ணாம்புக் கோடும் பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டுப் பார்த்து யாரும் வராத மூலையில், இரண்டு லட்சம் வெள்ளி கொட்டினாலும் யாரும் வரப்போவதில்லை.

எந்த வழியில் கட்டினாலும் ஒப்பந்தத்தில் குறைதீர்ப்புக் காலம் ஒன்று இருக்கும், வழக்கமாகப் பன்னிரண்டு மாதம். அது முடியும் தேதியை ஒப்படைப்பு நாளிலேயே கேட்டு எழுதிக்கொண்டு, பதினோராம் மாதத்தில் அதே வாளியோடும் நாணயத்தோடும் இன்னொருமுறை போய்ப் பாருங்கள். அதற்குள் சொன்னால் ஒப்பந்ததாரர் செலவு. அதற்குப்பின் நமது மாதக் கட்டணம்.